ஆடை படியாத காப்பி

முத்துமாலை அண்ணாச்சி திருப்புளியின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கிணற்றடியில் குடமும் வாளியுமாக நின்ற விருந்தாள் கூட்டம் அத்தனையும் கப்சிப். “ஒருத்தரும் மூச்சு விடப்படாது. மோட்டார் பேசுதுல்லா!” என்று வந்த உடனேயே அதட்டி வைத்திருந்தார்.

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருக்குத்தான். ஆனால் தொட மாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காப்பியைப் போட்டுக் கிணற்றடியில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் கொட்டிய பிறகுதான் வாயில் வைப்பார். “சேரன்மாதேவி பூரா கேட்டுப் பாரும்வே. முத்துமாலை ஆடை படிஞ்ச காப்பி குடிச்சாம்னு ஒருத்தன் சொல்லட்டும், ஸ்பேனர் பையைத் தூக்கி ஆத்துல போட்டுட்டு ஆடு மேய்க்கப் போறேன்.”

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது என்று ஊர் சொல்லும். அவர்தான் பள்ளிக்கூடத்தை விட்டாராம். கையால் சம்பாதித்து மாடி வீடு கட்டி, வாசல் கிரில்லில் இரும்பாலேயே ஒரு மோட்டாரும் செய்து வைத்திருக்கிறார். வேலைக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டு வருவார். “சட்டையில கிரீஸ் படுதவன் மெக்கானிக்கு இல்லலே, கரித்துணி” என்பது அவர் கட்சி. அதைக் கடைவீதியில் புது மோட்டார் விற்கும் தாவூதின் காதில் விழும்படி சொல்வதில் அவருக்குத் தனி ருசி.

கண்ணைத் திறந்தார். “காத்து வாங்குது. அடி வால்வு போச்சு. பைப்பைத் தூக்குங்கலே!”

வீட்டுக்காரி முத்துராணி, பம்புக்குத் தண்ணீர் ஊற்றும் புனலை எட்டிப் பார்த்தாள். நேற்றுத்தான் அம்மன் கொடைத் திருவிழா முடிந்தது. வந்த சொந்தம் ஒன்றும் இன்னும் ஊர் திரும்பவில்லை. மத்தியானப் பந்திக்கு உலை வைக்கக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அண்ணாச்சி, ஊத்துன தண்ணி புனல்ல அப்படியே நிக்குது பாத்துக்கிடுங்க. வால்வு போயிருந்தா கீழ இறங்கிருக்கும்லா?”

“ஏ தாயீ, நீ கொழம்பு வைக்கையில நான் வந்து உப்புப் பாக்கேனா? எங்காது சொல்லுது.”

மாப்பிள்ளை, மச்சான், சம்பந்தக்காரர் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரும் பைப்பை இழுத்தார்கள். “பைய, பைய! பாம்பையா இழுக்கிய?” என்று அண்ணாச்சி மேலே நின்று அதிகாரம் செய்தார். கிணற்றுக்குள்ளிருந்து வந்த வால்வு பல் தேய்த்த பிள்ளை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. பைப்பில் நின்ற தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு பொட்டு ஒழுகவில்லை.

எல்லார் கண்ணும் வால்விலிருந்து காப்பிக்குத் தாவியது. ஆவி அடங்கிவிட்டது. ஓரத்தில் மெல்லிசாக ஒரு சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது.

“தாவூது அண்ணாச்சிக்கு ஒரு போனைப் போடவா?” என்றார் சம்பந்தக்காரர், பைப்புச் சேற்றைக் கழுவ வழியில்லாமல்.

“அவன் மோட்டாரையா பாப்பான்? வாங்குதவன் மூஞ்சியத்தாம்வே பாப்பான்!” என்று சீறிவிட்டு, அண்ணாச்சி முதன்முறையாகத் தரையில் உட்கார்ந்தார். பம்பின் வாய்மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். கிரீஸும் சேறும் சட்டையில் முழங்கை வரை ஏறின. விரலில் எதுவோ சிக்கியது. இழுத்தார். கொத்துக் கொத்தாக வேப்பிலை! விசிறியின் இடுக்கெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு அடைத்திருந்தது.

“இதுக்குள்ள என்னத்தத் தாயீ ஊத்துன?”

“நேத்து நீங்கதான போன்ல சொன்னிய, ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டுச் சுவிட்சைப் போடுன்னு. வீட்டுல நெறஞ்சிருந்தது மஞ்சத்தண்ணிக் கொடம் ஒண்ணுதான். அம்மனுக்கு வச்ச தண்ணியாச்சே, மோட்டாருக்கும் நல்லதுதானேன்னு...”

கூட்டம் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. அண்ணாச்சி அசரவில்லை. “அதாம் பாத்தேன்! சாமி வந்து ஆடுத மோட்டார்ட்ட காதைக் கொடுத்தா அது என்னத்தச் சொல்லும்? எங்காதைக் குத்தம் சொல்லப்படாது.”

இலைகளைப் பொறுக்கி எடுத்து, மூடியை முடுக்கி, பைப்பை இறக்கி, நல்ல தண்ணீராகப் பக்கத்து வீட்டில் ஒரே ஒரு குடம் இரவல் வாங்கி ஊற்றி, சுவிட்சைப் போட்டார். பம்பு ஒரு செருமல் செருமியது. பிறகு குபுகுபுவென்று மஞ்சளாகக் கொட்டியது. மதினிமார்கள் முதல் குடத்தை மாமன்மார் தலையில் கவிழ்த்தார்கள். கொடையின் மஞ்சள் நீராட்டு இன்னொரு தரம் நடந்தது.

அந்தக் கூச்சலில் முத்துராணிக்கு மட்டும் டம்ளர் ஞாபகம் வந்தது. “அண்ணாச்சி, சூடு பண்ணித் தாரேன்.”

“வேண்டாம் தாயீ. இன்னும் சுடத்தான் செய்யுது.”

அவள் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு சுண்டுவிரலால் ஆடையை ஓர் ஓரமாக ஒதுக்கி, முழுசாக அள்ளி, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். ஆறிப்போன காப்பியை, ஊதி ஊதிக் குடித்தார்.