பால் போத்தலில் அப்சோபர் எண்ணெய்

மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் எண்ணெய் ஒழுகினால் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம் என்று முதலில் சொன்னவர், கல்யாணம் ஆகாதவராகத்தான் இருந்திருக்க வேண்டும். என்னைப் போலவே அதை நம்பி, கறுத்த நகங்களோடு ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைப் பிசைந்த சக பாவிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருப்பவை இரண்டு குழாய்க் கால்கள். உள்ளே எண்ணெய், வாயில் ஒரு ரப்பர் வளையம். அதுதான் சீல். அது தேய்ந்தால் எண்ணெய் வழிந்து பிரேக்கில் இறங்கும். எங்கள் கோலாலம்பூரில் அந்தக் காலுக்கு அப்சோபர் என்று பெயர். நான் ஏன் அதை ஃபோர்க் என்று சொல்வதில்லை என்பது பின்னால் வரும்.

எழுபதுகளில் எனக்கு ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவி லெட்சுமியும் மட்டும். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. வளைகாப்புக்கு யாராவது கூப்பிட்டால் லெட்சுமிக்கு அன்று தலைவலி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் மோட்டாருக்கெல்லாம் நான் சீல் மாற்றிக் கொடுத்ததற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், எங்கள் வாசலில் நாலு பேர் சத்தம் கேட்கட்டும் என்பதுதான்.

காப்பிக் கோப்பை

முதலில் என் சொந்த வண்டி. பழைய சீலை நெம்பி எடுத்தாயிற்று. புதியதன் உதடு கிழியாமல் இருக்க, குழாய் முனையில் ஐஸ் தண்ணீர் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையைக் காலியாக மாட்டி வழுக்கி இறக்கியும் ஆயிற்று. எண்ணெயைக் காப்பிக் கோப்பையால் ஒரு குத்துமதிப்பாக ஊற்றினேன். இந்தக் கால்களுக்குக் குத்துமதிப்பு பிடிக்காது. கொஞ்சம் கூடினாலும் அடுத்த பள்ளத்தில் புது சீலைப் பிதுக்கிவிடும். பிதுக்கிவிட்டது. மறுபடி ஊற்றினேன், மறுபடி பிதுக்கியது.

மூன்றாவது ஜோடி வாங்கப் போனபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் சீன முதலாளி, தவுக்கே ஆ செங், என்னை மேலும் கீழும் பார்த்தார். எதில் அளக்கிறாய் என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பால் போத்தல் ஒன்று வாங்கு, அதில்தான் நம்பர் போட்டிருக்குமே என்று கடைத்தெருவின் பாசார் மலாயில் சொன்னார்: “பெலி போத்தோல் சூசு லா. இத்து அடா நொம்போர்.”

மாங்காய்

அன்று மாலையே மளிகைக் கடையில் ஒரு பால் போத்தல் வாங்கினேன். பக்கத்து வீட்டு ஜானகி அக்கா அங்கே வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் என்னை நன்றாகவே கவனித்திருக்கிறார். எங்கள் வரிசையில் பேப்பர் வாங்காத வீடு உண்டு, ஜானகி அக்காவிடம் சேதி கேட்காத வீடு கிடையாது.

நான் வீடு திரும்பி எண்ணெய் அளக்க உட்காருவதற்குள், ஒரு தட்டு நிறைய மாங்காயும் ஒரு போத்தல் ஊறுகாயும் வாசலுக்கு வந்துவிட்டன. அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. லெட்சுமிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். அதற்குள் சிவப்பாக எண்ணெய். எனக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் குரல் மாறாமல், அது மோட்டாருக்கு வாங்கியது அக்கா என்றாள். ஜானகி அக்கா போத்தலையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டைத் திருப்பி எடுத்துப் போகவும் அவருக்கு மனம் வரவில்லை. லெட்சுமியின் கையைப் பிடித்து அதில் தட்டை வைத்தார்.

“கொண்டாந்தது கொண்டாந்தாச்சு. மாங்காயை மோட்டாரா திங்கப் போவுது? நீ தின்னு லா.”

பானா படுத்திய பாடு

அந்தப் போத்தலை லெட்சுமி குப்பையில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால், சரியான அளவில் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். அந்த வாரத்திலிருந்து எண்ணெய் ஊற்றுவது அவள் வேலை. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றுவாள். அவள் ஊற்றிய கால் ஒன்றுகூடப் பிதுங்கியதில்லை.

ஒருமுறை பங்சார் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து, எங்கள் பேச்சில் கம்பத்திலிருந்து, பாக் மான் என்ற பெரியவர் வந்தார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், சாந்தமான மனிதர். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, இனி புது ஃபோர்க் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று மலாயில் சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். நம் நாக்கில் ஃபானா எப்போதும் பானாவாகத்தான் இறங்கும், ஃபோர்க் போர்க் ஆகிவிட்டது. பன்றி இறைச்சிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். மனிதர் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் மறுபடி மறுபடி அழுத்திச் சொல்லச் சொல்ல இன்னும் தூரம் போனார்.

லெட்சுமிதான் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, அப்சோபர், பாக் சிக், அப்சோபர் என்று பெரியவரைக் கூப்பிட்டு அதிலிருந்த எழுத்தைக் காட்டினாள். அவர் வாசித்தார், பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தால் என் கண் இரண்டும் கோடாகிவிடும், அதற்கப்புறம் தரையில் விழுந்த நட்டைக்கூடத் தேட முடியாது. நல்லவேளை, குடிக்கப்போவது மோட்டார்தான் என்றார் பாக் மான்: “நாசிப் பாய்க் மோட்டோர் யாங் மீனும்.”

இரண்டாவது போத்தல்

கிள்ளானிலிருந்து செல்வம் என்ற இளைஞன் வருவான். அவன் வண்டிக்கு மட்டும் எத்தனை சீல் போட்டாலும் மாதத்தில் ஒழுகும். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கமலாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்தான். அரை மணி நேர வேலை என்று நானே சொல்லியிருந்தேன். குழாயைத் துணியால் துடைத்தபோதுதான் துருப் புள்ளிகள் கையில் தட்டுப்பட்டன. சீலை அறுப்பது அவைதான். மணல் தாளால் தேய்க்க ஆரம்பித்தேன், நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழந்தை பசித்து அழுதது. கமலா பையிலிருந்து அவசரமாக உருவிய கண்ணாடிப் போத்தல் கைநழுவி எங்கள் வாசற்படியில் விழுந்து உடைந்தது.

ஞாயிறு என்பதால் மளிகைக் கடை பூட்டியிருந்தது. எல்லோரும் தரையில் இருந்த சிவப்புக் கோட்டுப் போத்தலைப் பார்த்தோம். அதைப் பார்த்து என்ன பயன். லெட்சுமி எழுந்து உள்ளே போனாள். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டி பிரிக்காத ஒரு புதுப் பால் போத்தலோடு வந்தாள். சேலைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது. அவளாகவே, என்னைப் பார்க்காமல், மாங்காய் வந்த அந்த வாரமே வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னாள். மணல் தாளால் சும்மாவே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை குடித்து முடித்துத் தூங்கியது. புறப்படும்போது கமலா, வேறு போத்தல் வாங்கித் தந்துவிடவா என்று தயங்கினாள். லெட்சுமி வேண்டாம் என்றாள்.

“இதையே நல்லாக் கழுவி, மறுக்கா வரப்ப கொண்டாந்து குடுத்துரும்மா. எனக்கு வேணும்.”

தவுக்கே கேட்ட கேள்வி

அடுத்த மாதம் செல்வம் வந்தான். சீல் ஒழுகவில்லை, போத்தலைக் கொடுக்கவே வந்தான். லெட்சுமி அதை வெந்நீரில் போட்டு எடுத்து மறுபடி சேலைக்கு அடியில் வைத்தாள்.

இதை ஏனோ ஆ செங்கிடம் சொன்னேன். அவர் சீலைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அவருடைய தங்கை காஜாங்கில் இருந்தார். வரிசையாகப் பெண் குழந்தைகள், அப்போது வயிற்றில் இன்னொன்று. அந்தக் காலத்தில் சீனர் வீட்டுப் பெண் குழந்தை தமிழர் வீட்டில் வளர்வது அதிசயமில்லை. செந்தூலில் சேலை கட்டி, தீமிதிக்கு விரதம் இருக்கும் சீனத்து அக்காமார்களை நானே அறிவேன். சில மாதம் கழித்து ஒருநாள் நான் சீல் கேட்டேன். அவர் எடுக்கவில்லை. கடைப் பையனை வெளியே அனுப்பிவிட்டு, உன் மனைவியிடம் அந்தப் பால் போத்தல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்: “லு பூஞா பினி, இத்து போத்தோல் சூசு, அடா லாகி?”

சாடை

துண்டில் சுற்றிய பெண் குழந்தையோடு ஆ செங்கின் தங்கை டாக்சியில் வந்து இறங்கினார். கொடுத்த அம்மா அழுதார், வாங்கிய அம்மாவும் அழுதாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. நடுவில் நின்ற ஆ செங் எதையும் மொழிபெயர்க்கவில்லை. போகும் முன் அந்த அம்மா போத்தலை வாங்கி, ஒரு சொட்டுப் பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். சரி என்று தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஜானகி அக்கா வந்தார். ஜன்னலில் காயும் போத்தலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, இது மோட்டாருக்கு இல்லையே என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே காலை வைத்தார். பட்ட சூடு அப்படி. அவர் பின்னால் பாதி வரிசையே நின்றது. லெட்சுமி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அக்கா வாயில் இன்று என்ன வருகிறதோ அதுதான் இந்தப் பிள்ளைக்கு இந்த வரிசையில் காலமெல்லாம் பேச்சு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்கா குனிந்து குழந்தையைப் பார்த்தார். வெள்ளை வெளேர் என்ற முகத்தையும் தூக்கத்தில் சிரித்த சின்னக் கண்களையும் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கண்ணு அப்படியே அப்பன் கண்ணு லா. சிரிக்கறப்ப இவனுக்கும் இப்படித்தான் காணாமப் போயிரும்.”

நான் மாற்றிய சீல்களில் எத்தனை மறுபடி ஒழுகின என்று தயவுசெய்து கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் எண்ணெய்ப் போத்தலும் பால் போத்தலும் ஒருநாளும் ஒன்றுக்கொன்று மாறிப்போனதில்லை என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம்.