கல்லுக்கு முன்னால் பூட்ஸ்

பட்டாளத்துக்குப் போய் உயிரை விட்ட எங்கள் ஊர் ஆட்களுக்கு, வாழவந்தி நாடு என்கிற எங்கள் மலைப்பகுதியில், ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதில் என் அண்ணன் பெயரும் உண்டு. "தேசத்துக்காகச் செத்தவங்க நமக்குச் சாமிங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, கல்லைக் கோயில் எல்லைக்குள்ளேயே நட்டார்கள். கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த எல்லைக்குள் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு போய் வருகிற இடம், யாருக்குத் தோன்றும்?

கல்லைத் திறக்கிற அன்று காலையில் பட்டாளத்து வேன் மலையேறி வந்தது. இறந்த வீரர்களுக்கு மரியாதையாகப் பியூகிள் ஊதுகிறவரும் வந்திருந்தார். அம்மா இத்தனை வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான். அண்ணனின் உடல் வந்த அன்று பேய்மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து, மரியாதை செய்ய வந்தவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். எங்கள் ஆட்கள்தான் அவனைத் தோளில் தூக்கிவந்தார்கள். ஊதாமல், சல்யூட் இல்லாமல் புதைத்தோம். "ஒருக்கா அவனுக்கு ஊதோணும் கண்ணு" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

கோயில் வேலியோரம் எங்கள் ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டர், வந்தவர்களை மறித்தார்.

"ஏனுங்க, பூட்ஸக் கழட்டிட்டு வாங்க."

அவர்களில் மூத்தவர் பணிவாகத்தான் பேசினார். "யூனிஃபார்ம்ல வெறுங்காலோட சல்யூட் அடிக்கக் கூடாதுங்க ஐயா. இறந்தவருக்கு அது அவமரியாதை."

"போட்டுட்டு வந்தா சாமிக்கு அவமரியாதைங்க."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். வெளியே நின்று ஊதிவிட்டுப் போகட்டும் என்றார் ஊர்க்காரர் ஒருவர். எனக்கு வந்ததே கோபம்!

"அன்னிக்குக் கீழயே நின்னாங்க. இன்னிக்கு வேலிக்கு வெளியவா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

கத்திய கத்தலில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். என் வாயால் எந்தக் காரியம் நடந்திருக்கிறது?

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். மனம் வெறுத்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையில் எதையோ பொதிந்துகொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கல்லடியில் அதை வைத்தாள். அண்ணனின் பூட்ஸ். அவன் உடலோடு வந்தது. எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்துப் புதிது போலவே வைத்திருந்தாள்.

"எம்பையன் பூட்ஸோடதானுங்க செத்தான்" என்றாள். "அவனச் சாமின்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப இது பூட்ஸு போட்ட சாமிங்க. ஆகாதுன்னா, இத எடுத்து வெளிய வீசுங்க பாக்கலாம்."

ஊர்க்கவுண்டர் பூட்ஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார், அந்தப் பூட்ஸைத்தான். வேலியை விட்டு ஒதுங்கி, "வாங்க சாமி, உள்ள வாங்க" என்று பட்டாளத்துக்காரர்களைக் கூப்பிட்டார்.

எங்கள் கோயில் மண்ணில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பூட்ஸ் சத்தம் கேட்டது. பியூகிள் ஊத ஊத நான் விம்மி அழுதேன். அம்மா ஒரு சொட்டு அழவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நிமிர்ந்து நின்று, அவ்வளவு பேருடைய சல்யூட்டையும் வாங்கிக்கொண்டாள். என் அம்மா! அப்படி ஒரு பெருமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சத்தம் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கண்ணு, உங்கண்ணன் ஊடு வந்து சேந்தான்."