வந்திட்டுதோ?

காருக்குள் தோடம்பழத் தோலின் மணம். பக்கத்து நகரான லொங்குய்யில் அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு நான் காரோட்டித் திரும்பும் வழியில், அவர் ஒரு பழத்தை உரித்துப் பாதி தின்றபடியே நித்திரையாகிவிட்டார்.

எனக்கு ஒன்பது வயதில், திமிங்கிலம் பார்க்க செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரை நெடுகக் காரில் போனோம். ஒரு பக்கம் பாறையும் காடும், மறுபக்கம் கடலாகவே விரிந்துவிட்ட ஆறு. பேக்கரியில் இரவு வேலை முடித்த கையோடு அப்பா காரை எடுத்திருந்தார். அவர் கண்ணயராமலிருக்க அம்மா தோடம்பழச் சுளைகளை ஊட்டிக்கொண்டே வந்தார்.

"பிள்ளையள், அப்பாவோட கதையுங்கோ."

என்ன கதைப்பது? நானும் தங்கையும் வழியிலிருந்த பிரெஞ்சுப் பலகைகளைச் சத்தமாக வாசித்தோம். வாசிக்க வாசிக்க எங்களுக்கே நித்திரை வந்தது.

கரையில் நிறுத்தியதும் அப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். சற்று நேரத்தில் ஒரு கறுத்த முதுகு நீரைப் பிளந்து எழுந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. கத்த வாயெடுத்தேன். தோல் மணக்கும் கையால் அம்மா என் வாயைப் பொத்தினார்.

அப்பா திடுக்கிட்டு விழித்தார். "வந்திட்டுதோ?"

"இல்லையப்பா, இன்னும் வரேல்லை. நீங்கள் படுங்கோ."

அம்மா சொன்னதும் அப்பா மறுபடி சாய்ந்துகொண்டார். பிறகு ஒன்றும் வரவில்லை. "பேந்து ஒருக்கா வருவம்" என்றார் அப்பா. நாங்கள் போகவேயில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறேன். மூன்றாம் மாடிக்குப் படியேற வேண்டும். காலையில் இறங்கும்போதே இரண்டு இடத்தில் உட்கார்ந்தவர்.

கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்: "வீடு வந்திட்டுதோ?"

"இல்லையப்பா, இன்னும் வரேல்லை. நீங்கள் படுங்கோ."