காலை ஆறே காலுக்கு ஓடிய வரி

தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரின் முகம் ஊருக்கே தெரியும். அவருக்குக் கீழே, திரையின் அடியில் ஓயாமல் ஓடுகிற வரியை அடிக்கிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறையில், ஏசிக் குளிருக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணைக் காட்டியிருப்பார்கள். அலுவலகத்தில் அவளுக்கு ஸ்க்ரோல்காரம்மா என்று பெயர். ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் மூன்று முறை சக்கரம் மாற்றினார்கள்.

பார்ப்பதற்குச் சும்மா உட்கார்ந்து தட்டுகிற வேலை போலத்தான் இருக்கும். ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான் இடம். யார், எங்கே, என்ன என்பதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவள் என்டரைத் தட்டினால் அடுத்த விநாடி ஊரெல்லாம் ஓடும். நடுவில் சலித்து அனுப்ப ஆள் கிடையாது. அதனால் அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்: யார் சொன்னது என்று கேட்காமல் எதையும் போடக்கூடாது. அமைச்சர் தும்மினார் என்று தகவல் வந்தாலும், பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டுவிட்டுத்தான் அவள் விரலைத் தூக்குவாள்.

இவ்வளவு கறாரான பெண் ஒரே ஒரு விஷயத்தில் பொய் சொல்லியிருந்தாள். சொந்த ஊர் எது என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டார்கள். "தெற்கே" என்றாள். "தெற்கே வெயில் ஜாஸ்தி போல" என்று ஒப்பனைக்காரி அவள் கையைப் பார்த்துச் சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். உண்மையில் அவள் பிறந்தது அந்த அலுவலகத்திலிருந்து நாலே மைல் தள்ளி, கால்வாய்க்கரையில். மூன்று தலைமுறைக்கு முன்னால் கால்வாய் வெட்ட வேற்று நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய கறுத்த ஜனங்களின் வம்சம். கால்வாயை வெட்டி முடித்தார்கள். ஊர்க்காரர்கள் ஆவது மட்டும் இன்னும் முடியவில்லை. கால்வாய்க்கரை விலாசம் எழுதிய விண்ணப்பங்கள் எந்தக் குப்பைக்கூடைக்குப் போகும் என்பது அவளுக்கு அதற்கு முன்பே நாலு முறை தெரிந்திருந்தது. அதனால் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போவாள், அதுவும் சுற்று வழியில்.

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தாள். அக்காவின் போன் முந்தைய நாள் மாலையிலிருந்து அணைந்து கிடந்தது. ஆனாலும் வேலை வேலைதானே.

ஆறே காலுக்குச் செய்தி ஆசிரியர் மூன்று போன்களோடு உள்ளே வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் லீவு கொடுக்கிறவர். இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு, "கால்வாய்க்கரையில கடைய உடைச்சு அள்ளிட்டுப் போறாங்க, விஷுவல் வந்திருக்கு. ஒரு வரி போடும்மா" என்றார்.

அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் குரல் நடுங்கும், நடுங்கினால் தெரிந்துவிடும் என்ற பயம். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக யார் சொன்னது என்று கேட்காமல் அடித்தாள்: 'கால்வாய்க்கரையில் கடைகளை உடைத்துக் கொள்ளை - மீட்புப் பணியில் சிக்கல்'. என்டர். வரி ஓடத் தொடங்கியது.

ஏழரைக்கு இன்னொரு படம் வந்தது. ஊர்க்காரர்கள் வசிக்கும் குன்றுத்தெருவில், சாய்ந்த கண்ணாடிக் கதவு வழியாக ஒரு வெள்ளைத்தோல் குடும்பம் பெரிய கடையிலிருந்து ரொட்டியும் தண்ணீர் பாட்டில்களும் எடுத்துக்கொண்டு வந்தது. "பாவம், எவ்வளவு பெரிய குடும்பம்" என்றார் ஆசிரியர். 'குன்றுத்தெருவில் உணவு தேடி அலையும் குடும்பங்கள்' என்று அடித்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்த இரண்டு வரியும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. இரண்டையும் அடித்தது ஒரே கை. அவளுக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பத்தே முக்காலுக்குக் கால்வாய்க்கரைப் படத்தை மறுபடி காட்டினார்கள், இந்த முறை கொஞ்சம் நீளமாக. மருந்துக்கடையின் பாதி திறந்த ஷட்டருக்குள்ளிருந்து ஒரு பெண் குனிந்து வெளியே வந்தாள். தலையில் பால்மாவு டின் பெட்டி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற நடை. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது அக்கா. ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் தரை துடைத்து, தங்கையை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பிய அக்கா. அவள் வயிற்றுக்குக் கீழே, அவள் தங்கை அடித்த 'கொள்ளை' ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷத்துக்குள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தான்டி. மருந்துக்கடைக்காரர் போன்ல பேசுறேன், சார்ஜ் இல்ல. பள்ளிக்கூட மாடியில இருக்கோம், முந்நூறு பேருக்கு மேல. கைக்குழந்தைங்களே நாப்பது. காலையில மூணு படகு வந்துச்சு, கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சுடி. 'டிவியில போடுறான், நீங்க கொள்ளையடிக்கிறீங்களாமே, படகப் புடுங்கிட்டா யாரு பொறுப்பு'ன்னு கத்திட்டுப் போறான்."

"கடைய யாருக்கா உடைச்சது?"

"யாரு உடைச்சா? இரு, அவர்கிட்டயே குடுக்கறேன்."

மருந்துக்கடைக்காரரின் குரல் வந்தது. "ஷட்டர் தண்ணியில நெளிஞ்சு மாட்டிக்கிச்சும்மா. நான்தான் கடப்பாறை போட்டுத் திறக்கச் சொன்னேன். என் கடை, என் மருந்து, நான் குடுத்தேன். இதுல திருட்டு எங்க வந்துச்சு?" போன் அணைந்தது.

அவள் எழுந்தாள். ஆசிரியர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், கால்வாய்க்கரை வரிய எடுக்கணும். அது தப்பு. கடைக்காரரே திறந்து குடுத்திருக்காரு. அந்த வரியப் பாத்துட்டுப் படகு எல்லாம் திரும்பிப் போகுது."

"யாரும்மா சொன்னது?"

"காலையில அந்த வரிய யார் சார் சொன்னது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "விஷுவல் இருக்கே. பார்த்தாலே தெரியலையா?"

"குன்றுத்தெரு விஷுவலும்தான் இருக்கு. அதப் பார்த்தா மட்டும் ஏன் சார் பசி தெரியுது?"

அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இதப் பாரும்மா, மேல கேட்காம மாத்த முடியாது. உனக்கு யாரு சொன்னதுன்னு சொல்லு, நான் பேசறேன். சும்மா யாரோ போன்ல சொன்னாங்கன்னா..."

தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. "சொன்னது எங்க அக்கா. பால்மாவு பெட்டியோட நடக்கிறாங்களே, அவங்கதான். நான் பொறந்ததும் அங்கதான் சார். தெற்கேயும் இல்ல, வடக்கேயும் இல்ல, கால்வாய்க்கரை."

வாசலில் நின்ற ஒப்பனைக்காரி கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள். ஆசிரியர் மேலிடத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது மணி அடிக்கும்போது அவள் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். காத்திருந்தது போதும் என்று தோன்றியது. பழைய வரியை அழித்தாள். புதிதாக அடித்தாள்: 'கால்வாய்க்கரைப் பள்ளி மாடியில் 300 பேர், கைக்குழந்தைகள் 40 - படகு தேவை'. அடுத்த வரி: 'கொள்ளைச் செய்தி தவறு, கடைக்காரரே மருந்து வழங்கினார்'. என்டர். என்டர்.

"யம்மா, என்ன பண்ற?" என்று ஆசிரியர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"வேலைய எடுத்துக்குங்க சார். வரிய எடுக்காதீங்க."

அவர் விசைப்பலகையின் மேல் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. திரையில் வரி எப்போதும் போல வலமிருந்து வந்து இடப்பக்கம் போய் மறைந்தது. மறுபடி வந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். அழிக்கவில்லை, அழிக்காதே என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மீட்பு அலுவலகத்திலிருந்து போன்: எந்தப் பள்ளி, எந்தப் பக்கம் படகு நிறுத்தலாம்? அந்தப் போனை அவரே அவள் கையில் கொடுத்தார். பின்சுவர் ஓரம் ஆழம், முன்வாசல் படிக்கட்டுப் பக்கம்தான் வசதி என்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒளித்துவைத்த ஊர், வரைபடம் போல அவளுக்குள் அப்படியே இருந்தது.

பன்னிரண்டரைக்குப் படகுகள் போய்ச் சேர்ந்தன. மாலையில் ஷிப்டு முடியும்போது, அனுமதி இல்லாமல் செய்தி வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கல்லூரி மண்டபத்தில் திறந்திருந்த முகாமுக்குப் போனாள்.

அக்கா ஒரு மூலையில் யாருடைய குழந்தைக்கோ பால் கரைத்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தது தப்பு. பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் விட்டாள், அவ்வளவுதான்.

"எதிர்வீட்டு அத்தை போயிட்டாங்கடி" என்றாள். "காலையில ஒன்பதரைக்கு. மூச்சுத் திணறல். மருந்துக்கடையில இருந்ததெல்லாம் குடுத்துப் பாத்தோம். ஆக்சிஜன் வெச்சிருந்தா இருந்திருப்பாங்க. முதல் படகு வந்தப்ப நல்லாத்தான் உக்காந்திருந்தாங்க."

முதல் படகு ஏழு மணிக்கு வந்தது என்று அக்கா சொன்னாள். மனசு தன்னால் கணக்குப் போட்டது. ஆறே கால். ஏழு. ஒன்பதரை. வரியை மாற்றியது பதினொன்று.

"கொள்ளைன்னு போட்டானே, அவன் மட்டும் என் கையில கிடைச்சா..." அக்கா பால் டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க டிவிதானே. யாருடி போட்டது?"

ஆசிரியர் போடச் சொன்னார் என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. மேலிடம் என்று சொல்லலாம். சுற்று வழி எதுவும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

"நான்தான்க்கா. ரெண்டாவது வரியும் நான்தான், முதல் வரியும் நான்தான்."

அக்கா அவளையே பார்த்தாள். கை ஓங்கியது; பாதியில் இறங்கி, தரையில் சிந்தியிருந்த பாலைத் துடைத்தது. துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தது. மண்டபத்தின் தொலைக்காட்சியில் புயலுக்கு ஒன்பது பேர் பலி என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதும் குன்றுப் பக்கம்.

"வேலைய விட்டுடறேன்க்கா" என்றாள் அழுதுகொண்டே.

"விட்டுட்டு? அந்த நாற்காலியில நம்மளத் தெரியாதவ ஒருத்தி வந்து உக்காரட்டும்னா?" அக்கா துணியைப் பிழிந்தாள். "அத்தைய உள்ள கிடத்தியிருக்காங்க. போய்ப் பாத்துட்டு வா. நல்லாப் பாரு. நாளைக்கு ஆறு மணிக்குப் போய் உக்காந்து, பத்துன்னு அடி."