ஓடைக்கரையில் தோண்டிய கிணறு

சிலமலைக்குப் பக்கத்தில், ஓடைக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. நான் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரர் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறார். வருஷத்தில் பத்து மாதம் அந்த ஓடை வெறும் மணல்; ஆடுகள் படுத்துக் கிடக்கும். "ஓடைப் பக்கம்னா ஊத்து நல்லா இருக்கும்" என்றார் அவர். போன ஐப்பசியில், கரையிலிருந்து முப்பதடி தள்ளிக் கிணறு வெட்ட ஆரம்பித்தோம்.

மேல்மண்ணை ஜேசிபி எடுத்தது. பிறகு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் உள்ளே இறங்கி வெட்ட, கிரேன் மண்ணைத் தொட்டியில் தூக்கிக் கொட்டியது. நான்காம் நாள் மேஸ்திரி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்தச் சுவரப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். சேலைக்கடையில் அடுக்கி வைத்தது மாதிரி சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக இருந்தது. கறுப்புக் களி, அதன் கீழ் வெள்ளை மணல், அதற்கும் கீழே தேங்காய் அளவு உருண்டைக் கற்கள், மறுபடி களி, மறுபடி மணல்.

"ஒவ்வொரு மணல் பட்டையும் ஒரு வெள்ளம். மெலிசா இருந்தா சின்னது. கல்லோட கெடக்குல்ல, அது பெருசு."

கடப்பாரை நுனியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கல்யாணமாகி வந்த பிறகு நான் இரண்டு வெள்ளம் பார்த்திருக்கிறேன். ஒன்று பாலத்தையே உடைத்துப் போட்டது. ஊரில் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த இரண்டும் மேலே விரல் தடிமனுக்குத்தான் இருந்தன. அடியில் ஒரு பட்டையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை பதிந்திருந்தது. அதை உருட்டி வந்த தண்ணீரை யார் பார்த்திருப்பார்கள்? பார்த்தவர்கள் மிஞ்சினார்களா? உச்சி வெயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் மதியம். எங்கள் தலைக்கு மேல் வெயில். மலை மட்டும் மழை மேகத்தில் கண்ணுக்கே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார்.

"அண்ணே, ஊத்துத் தண்ணி நடுங்குது!"

குனிந்து பார்த்தேன். அடியில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்தது. மேஸ்திரி சுவரில் காதை வைத்தார். அடுத்த நொடி அவர் குரல் மாறிவிட்டது.

"மேல ஓடையில கல்லு உருளுது, வெள்ளம் வருது. தொட்டிய எறக்கு, வெரசா!"

மேலே நின்ற எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கிரேன்காரர் முதலில் இரண்டு பேரைத் தூக்கினார், பிறகு மேஸ்திரியை. நான் ஓடைக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஊர்க்கார அக்காவைக் கத்திக் கூப்பிட்டுக் கரையேற்றினேன். அப்போதுதான் நினைவு வந்தது. மலையிலிருந்து ஆட்களோடு இறங்கி வரும் ஜீப் இந்த ஓடையைத்தான் கடக்க வேண்டும். போன் போட்டேன்.

"ஏங்க, ஓடையில எறங்காதீங்க."

"ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே புள்ள. இந்தா, எதுத்தாப்லதான் நிக்கிறேன்."

"சொன்னாக் கேளுங்க. அங்கனயே நில்லுங்க!"

நின்றார். நாங்கள் பாறை மேட்டுக்கு ஓடினோம். முதலில் தண்ணீர் வரவில்லை, சத்தம்தான் வந்தது, உள்ளங்கால் வழியாக. பிறகு நுரையையும் சுள்ளியையும் உருட்டிக்கொண்டு முழங்கால் உயரத்தில் ஒரு செம்மண் சுவர் வந்தது. கண் இமைப்பதற்குள் அது ஆள் உயரமானது. அதில் ஏலச்செடிகள் தூரோடு மிதந்து வந்தன, காய்ச் சரம்கூட உதிராமல். தினமும் கையில் ஒட்டுகிற அந்த வாசனை சேற்று வாடையோடு சேர்ந்து கரை முழுக்க அடித்தது. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எதிர்க்கரையில் ஜீப்புப் பக்கத்தில் பெண்கள் கும்பிட்டபடி நின்றார்கள். தண்ணீர் கரையேறியது, அவசரமே இல்லாமல் எங்கள் கிணற்றுக்குள் இறங்கியது.

பயம் அப்போது வரவில்லை. இவ்வளவு பெரியது ஒன்று, நம்மைக் கவனிக்காமலே, தன் பாட்டுக்குப் போகிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தார் ரோட்டுப் பெரிய பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு பொழுது சாய வந்து சேர்ந்தார். "எறங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தார். என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காலையில் போனால் கிணறு இல்லை. வாய் வரைக்கும் மணல் நிரம்பிச் சமதளமாகிவிட்டது. கிரேன் ஒருக்களித்துக் கிடந்தது. இருபதடிப் பள்ளம் எந்த இடத்தில் இருந்தது என்று எங்களாலேயே சரியாகக் காட்ட முடியவில்லை.

தை மாதம் அதே மேஸ்திரி வந்து பாறை மேட்டுப் பக்கம் வேறு கிணறு வெட்டிக் கொடுத்தார். அங்கே ஊத்து குறைச்சல். நாற்பதடி போயும் இடுப்பளவுதான் தண்ணீர். மிளகாய்க்கு அது போதுகிறது.