முட்டை போடாத கேக்

சூடான மணலுக்கு ஒரு வாசனை உண்டு. நான் சொல்வது வெயிலில் காய்ந்த மணலை அல்ல. கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, குக்கரின் அடியில் பரப்பி, மூடி போட்டு அடுப்பில் காயவைத்த மணலை. அதோடு வெனிலா எசென்ஸும் உருகிய டால்டாவும் சேர்ந்துகொண்டால், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் சமையலறை மணந்த மாதிரியே மணக்கும். ஆனால் என்னை இதை எழுத உட்கார வைத்தது அந்த வாசனை இல்லை, கோபம். போன வாரம் என் போனுக்கு ஒரு கேக்கின் படம் வந்தது. அதன் கீழே எழுதியிருந்த ஒரு சொல் எனக்குள் எத்தனையோ வருடமாகக் கிடந்ததைக் கிளறிவிட்டது. அந்தச் சொல்லைப் பிறகு சொல்கிறேன், முதலில் அம்மா செய்த கேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்தவர்கள். காலனி என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்குக் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து, சிதம்பரத்தின் ஓரத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரு நகரில் மனை வாங்கி, கடன் போட்டு வீடு கட்டிக் குடிவந்தோம். தெருவில் எல்லா வீடும் புதிது, எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேனில் பள்ளிக்குப் போகிறவர்கள். "இங்க எல்லாரும் படிச்சவுங்க" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். ஊரைவிட்டு வந்ததற்கு அவளிடம் இருந்த ஒரே காரணம் அதுதான்.

அம்மா பிளஸ் டூ வரை படித்தவள். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. காலி டப்பா, கிழிந்த புடவை, அட்டைப்பெட்டி எதையும் வெளியே போடமாட்டாள். சமையலறை டப்பாக்களில் எல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டி, "க.பருப்பு", "உ.பருப்பு" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, அளவுவாரியாக அடுக்கி வைத்திருப்பாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவாள். அன்றைக்கு நானும் அப்பாவும் வேலையாட்கள், அவள் மேஸ்திரி.

அந்த வருடம் பள்ளியிலிருந்து எங்களைப் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். நான் வந்து ஓயாமல் படகு, படகு என்று பேசியதைக் கேட்டுவிட்டு, "உன் பர்த்டேக்கு பிச்சாவரத்தையே ஹாலுக்குக் கொண்டாந்துடலாம்" என்றாள் அம்மா. ஏதோ வாரப் பத்திரிகையில், ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வீட்டை அலங்கரித்துப் பிறந்தநாள் கொண்டாடுவதைப் பற்றிப் படித்திருந்தாள். அவளுடைய பச்சைப் பட்டுப்புடவை தரையில் தண்ணீர் ஆனது. அப்பா கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பழுப்புநிறக் காகிதம் வாங்கி வந்தார். அதை முறுக்கி முறுக்கிச் சுரபுன்னை வேர்களாகக் கொடியில் தொங்கவிட்டோம். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டியை அப்பா வெட்டி, மடித்து, தைத்து, இரண்டு பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு ஒரு படகு செய்தார். ஒட்டடைக் கம்புதான் துடுப்பு. அலுவலகத்தில் ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனிதர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படகுக்காரர் வேஷம் போடத் தயாராக இருந்தார்.

கேக் மட்டும்தான் பாக்கி. தெருவில் பாதி வீடுகளில் முட்டை சேர்ப்பதில்லை, பிறந்தநாளோ வெள்ளிக்கிழமை. எனவே முட்டை போடாமல் செய்வது என்று அம்மா முடிவெடுத்தாள். எடுத்தாளே தவிர, அது லேசில் வரவில்லை. வாசலில் வீடு கட்டி மிஞ்சிய கொள்ளிடத்து மணல் கிடந்தது. அதைச் சலித்து, கழுவி, காயவைத்து, குக்கரில் பரப்பி, நடுவில் அலுமினியத் தூக்கை வைத்து முதலில் செய்த கேக்கைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. தயிரை ஊற்றிச் செய்தது நடுவில் குழி விழுந்து போயிற்று. சோடாமாவு ஜாஸ்தியாகிக் கசந்தது ஒன்று. எல்லாவற்றையும் நானும் அப்பாவும்தான் பாலில் தோய்த்துத் தின்று தீர்த்தோம். கடைசியில், டப்பாப் பால் ஊற்றிச் செய்தது பஞ்சு மாதிரி எழும்பியபோது அம்மா அதை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அப்படியே ஒரு படகின் வடிவத்தில் வெட்டிப் பச்சைக் கிரீம் பூசினாள்.

ஒவ்வொரு வீடாக அவளே போய் அழைத்தாள். நானும் கூடப் போனேன். "முட்ட போடலக்கா, டால்டாவும் பாலுந்தான். பிள்ளைங்கள அனுப்பி வைங்க" என்று எல்லா வீட்டிலும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். "அப்படியா, அனுப்புறேன் அனுப்புறேன்" என்று எல்லோரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். ஒருவர்கூட உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, பேச்செல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே முடிந்தது. அது இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. தெருவுக்குப் பிரச்சினை முட்டைதான் என்று அவள் மனதார நம்பினாள்.

பிள்ளைகள் வந்தார்கள். எதிர்வீட்டு சுபா என் வகுப்புத் தோழி. அவள் தன் தம்பி கார்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தான். காகித வேர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். அப்பா ஒவ்வொருவராக ஏற்றி, "பொறுமையா ஏறுங்க, படகு ஆடுது" என்று பெட்டியை உலுக்கினார். கார்த்தி இறங்கவே மாட்டேன் என்று அழுதான். அத்தனை சந்தோஷமாக எங்கள் வீடு அதற்கு முன் இருந்ததில்லை.

கேக் வெட்டியதும் ஆரம்பித்தது. ஒருத்திக்குப் பல்வலி, ஒருவனுக்கு ஜலதோஷம், இன்னொருத்திக்கு அன்றைக்கு விரதம். பத்து வயதில் விரதம். அம்மா எல்லாவற்றையும் நம்பினாள். பல்வலிக்காரிக்கு உள்ளே போய்க் கிராம்பு எடுத்து வந்தாள், அதையும் அவள் வாங்கவில்லை. கார்த்தி மட்டும் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டை எடுத்து அவன் வாய்க்குப் பக்கத்தில் அம்மா கொண்டுபோனபோது அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, விரல்களுக்கு நடுவே சொன்னான்:

"நீங்க செஞ்சத சாப்புடக்கூடாதாம் ஆன்ட்டி. கவர்ல இருக்கறதுன்னா சாப்புடலாம்னு அம்மா சொன்னாங்க."

தலையில் துண்டோடு அப்பா படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா கேக் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். பிள்ளைகள் போகும்போது கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த சாக்லேட்டை எடுத்து வந்து, சின்னப் பையனாயிற்றே என்று காகிதத்தைப் பிரிக்கப் போனாள். சுபா அவசரமாகக் கையை நீட்டினாள். "நீங்க பிரிக்க வேணாம் ஆன்ட்டி, நான் பிரிச்சுக் குடுத்துக்கறேன்."

அம்மா கொடுத்துவிட்டாள்.

சுபாவை நான் குற்றம் சொல்லவில்லை, அவளுக்கும் பத்து வயதுதான். அவளுக்குச் சொல்லி அனுப்பியவர்களைச் சொல்கிறேன். கேட்டில் நின்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பல்வலி என்று சொல், விரதம் என்று சொல் என்று பாடம் நடத்திய படித்தவர்களைச் சொல்கிறேன். அவர்கள் நல்லவர்கள், உதவி என்றால் ஓடி வருவார்கள், பழக்கம் அப்படி என்று இன்றைக்கும் எனக்குச் சமாதானம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அந்த நல்ல குணத்தைத் தெரிந்துகொள்வதில் எனக்கு அக்கறை இல்லை. என் அம்மா கட்டிய புடவையின் மேல் நடக்கலாம், அவள் முறுக்கிய காகிதத்தை இழுத்து விளையாடலாம், என் அப்பா தைத்த படகில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழலாம், அவள் பிசைந்த மாவு மட்டும் ஆகாது என்றால் இது என்ன கணக்கு? முட்டையாவது பரவாயில்லை, எடுத்துவிடலாம். கையை எப்படி எடுப்பது?

எல்லோரும் போனபின் அப்பா கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எடுத்துத் தின்றார். "நல்லா வந்துருக்கு" என்றார். பிறகு, "வந்தாங்கள்ல. அதுவே பெருசு" என்றார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பாவை மன்னித்துவிட்டேன், வாக்கியத்தை இல்லை.

அம்மா அழவில்லை, யார் வீட்டுக்கும் போய்க் கேட்கவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையை ஒழுங்குபடுத்தினாள். மேல்தட்டு முழுவதையும் காலிசெய்து துடைத்து, கடையிலிருந்து பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டுகளும் பாட்டில் குளிர்பானமும் காகிதக் கப்புகளும் வாங்கி வந்து வரிசையாக அடுக்கினாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டுகிறவள் அந்தத் தட்டுக்கு மட்டும் எதையும் எழுதவில்லை. நான் பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினால், "அதுல கை வைக்காத, வர்றவுங்களுக்கு வேணும்" என்பாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு ஹாலை ரயில் பெட்டி ஆக்கினோம். அலங்காரம் எல்லாம் அம்மா கைவேலை. தின்பதெல்லாம் சீல் உடைக்காத பாக்கெட், கேக்கும் பேக்கரி அட்டைப்பெட்டியில் நூல் கட்டியபடி வந்தது. அதைப் பிரித்து வெட்டும் வேலையை அம்மா சுபாவிடமே விட்டுவிட்டாள். எல்லோரும் தின்றார்கள். யாருக்கும் பல் வலிக்கவில்லை. "பார்ட்டி சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அம்மாவும் சிரித்தாள். முந்தைய வருடத்தைவிட அன்றைக்குத்தான் எனக்கு அதிகம் எரிந்தது. அவர்கள் வகுத்த சட்டத்துக்கு அவள் தன் வீட்டையே அத்தனை நேர்த்தியாக அடுக்கிக் கொடுத்துவிட்டாளே என்று.

அதற்குப் பிறகு அந்தக் குக்கரில் மணல் கொட்டப்படவில்லை. சோறு வேகும், பருப்பு வேகும். கேக் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

போன வாரம் மகளோடு சிதம்பரத்துக்கு வந்திருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது. பழைய பள்ளித் தோழிகளின் குழுவில் சுபா போட்டிருந்தாள். இப்போது அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாளாம். கீழே பெரிய எழுத்தில், "முழுக்க முழுக்க ஹோம்மேட், எக்லெஸ்" என்று இருந்தது. அதற்கு எத்தனை இதயங்கள், எத்தனை கைதட்டல்கள். வீட்டில் செய்தது என்பது இந்த ஊரில் இப்போது அவ்வளவு உசத்தியான சொல் ஆகிவிட்டது. யார் வீட்டில் என்பதை மட்டும் எழுதத் தேவையில்லாதவர்களுக்கு அது உசத்தி.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நல்லா எழும்பியிருக்கு. பாப்பாவுக்கு ஒண்ணு சொல்லிடேன்" என்றாள். அவள் குரலில் ஒரு கசப்பும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு கேக் செய்யத் தெரியுமா ஆயா?" என்று கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"தெரியும்" என்றேன் நான். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ஆயாவுக்குத் தெரியும். முட்டை போட்டும் தெரியும், போடாமலும் தெரியும்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, பிரிக்காமல், அப்படியே பேத்தியின் கையில் கொடுத்தாள். சொந்தப் பேத்திக்கும் பிரிக்காமல். பிறகு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். மணல் கிடந்த இடத்தில் இப்போது சிமென்ட் தரை. எதிரே ஒரு வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் லாரியில் வந்து கொட்டியிருப்பது கருங்கல் தூள்தான், ஆற்று மணல் இல்லை.

"இப்ப மணலுக்கு எங்கடி போறது?" என்றாள்.