சபாபதி அண்ணனுக்குக் கேட்காத மேளம்

தறிக்குழியில் இருந்தபோது செய்தி வந்தது. ஐயம்பேட்டையிலிருந்து வந்த சபாபதி அண்ணனுடைய மருமகன், "மாமா காலைல போயிட்டாருப்பா" என்றார். பன்னிரண்டு வருடம் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று அவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான். தறியை அப்படியே விட்டு எழுந்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் அவர் நடத்திய கீற்று நாடகக் கொட்டகை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ராஜா வேஷம் கட்டுபவரும் அவர்தான், காலையில் கொட்டகையைப் பெருக்குபவரும் அவர்தான். ஒத்திகையில் யாராவது அலுத்துக்கொண்டால் விடமாட்டார். "நாள் பூரா தறியில குந்திக்கினு இருந்தவன், இங்கயும் வந்து குந்தறான்பா. அவன ஏமாத்தக் கூடாது" என்பார். பிடிவாதக்காரர். வசனத்தைத் தானே மாற்றிப் பேசிவிட்டு என்னைத் திட்டுவார்.

கொட்டகை நடந்த கடைசி இரண்டு வருடம் அவருக்குக் காது கேட்கவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னார். "வெளிய தெரிஞ்சா கொட்டாய் அவ்ளோதான் முருகேசு. நீ வாய அசை, நான் பாத்துக்கறேன்." அப்படித்தான் சமாளித்தோம்.

சாமி புறப்பாடு வாசலைக் கடக்கும்போது நாடகத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து கும்பிட வேண்டும். அது அவரே வைத்த வழக்கம். கடைசி வருடப் பங்குனித் திருவிழாவில் சாமி நாங்கள் நினைத்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டது. மேடையில் அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. மேளம் நெருங்கியதும் சபை மொத்தமும் எழுந்து தெருப்பக்கம் திரும்பியது.

அவர் பேச்சு மெல்ல நின்றது. ஜனம் நாடகம் பிடிக்காமல் எழுந்து போகிறது என்று நினைத்துவிட்டார். அத்தனை முதுகுகளையும் பார்த்த அந்த முகம் செத்துப்போயிற்று. நான் நின்ற இடத்திலிருந்து அவருக்குப் பத்தடி இருக்கும். பனியனோடு மேடையேறி அவரைத் தொட்டால் ரகசியம் உடைந்துவிடுமே என்று தயங்கினேன். பிறகு ஓடிப்போய்த் தெருவைக் காட்டினேன். அதற்குள் அவர் கிரீடத்தைக் கழற்றியிருந்தார்.

அதன்பின் அவர் வேஷம் கட்டவில்லை. கொட்டகையும் மூடிப்போனது. நடிப்பில் மூழ்கிச் சாமியையே மறந்தவர் என்று ஊர் பெருமையாகப் பேசியது. இப்படிப் பேசுகிறார்களே என்று அவரிடம் கேட்டேன். "சொல்லிக்கினு போட்டும்பா. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது. ஜனம் போயிடுச்சுன்னு நெனச்சேன் பாரு, அதத்தான் தாங்க முடியல" என்றார்.

நேற்று இரங்கல் கூட்டத்திலும் அந்தப் பெருமையைத்தான் பேசினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களிடம் நல்ல நினைவுகள் நிறைய இருக்கும். என்னிடம் இருப்பது அந்தப் பத்தடிதான். நான் உடனே நடந்திருக்க வேண்டும்.